சக்கைக்கு என்ன விலை? – சர்க்கரை ஆலைகளின் மின்சாரக் கணக்கு

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் ரோடு கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே போகிறது. மலையில் இறங்கும் தண்ணீர் குளங்களில் தேங்கி நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளைகிற பூமி இது. அங்கிருந்து கிழக்கே சங்கரன்கோவிலைத் தாண்டி திருவேங்கடம் பக்கம் போனால் மண் கறுத்துவிடும். மானாவாரிப் பயிர், பருத்தி, தீப்பெட்டி வேலை, வெட்ட வெட்ட முளைக்கும் சீமைக்கருவேலம். இன்று இரண்டு பக்கமும் ஒரே தென்காசி மாவட்டம் (2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது). ஆனால் பொருளாதாரம் இரண்டு.

மேற்குப் பக்கத்துக் கரும்புக்குள் ஒரு மின்சார நிலையமே ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு டன் கரும்பை அரைத்தால் தமிழ்நாட்டில் சர்க்கரை கிடைப்பது ஏறக்குறைய 90 கிலோ. சக்கை கிடைப்பது ஏறக்குறைய 300 கிலோ! சர்க்கரைக்கு விலை உண்டு, அதை வைத்துத்தான் கரும்புக்கும் விலை. அந்த 300 கிலோ சக்கைக்கு என்ன விலை?

கேள்வி சின்னதுதான். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் இதற்கான பதில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை மாறும்போதும் யாரோ ஒருவருக்கு லாபம், யாரோ ஒருவருக்கு நஷ்டம். வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே நெருப்பில் எடுக்கும் 'இணை மின் உற்பத்தி'யின் வரலாறு தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்தச் சக்கையின் வரலாறுதான்.

வெல்ல அடுப்பிலிருந்து தொடங்கலாம்

சர்க்கரை ஆலை வருவதற்கு முன்பே கிராமத்து வெல்லம் காய்ச்சும் இடங்களில் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. சாறு பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, அதையே கொப்பரைக்கு அடியில் போட்டு எரிப்பார்கள். விறகுச் செலவு கிடையாது. கரும்பே தன்னைக் காய்ச்சிக்கொள்கிறது.

ஆலைகளும் இதையேதான் பெரிய அளவில் செய்தன. ஒரு டன் கரும்பிலிருந்து வரும் சாறு பெரும்பாலும் தண்ணீர். அதில் முக்கால் டன் தண்ணீரையாவது ஆவியாக்கினால்தான் பாகு கிடைக்கும். இதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! நல்லவேளையாக, 1840களில் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த நார்பர்ட் ரில்லியு என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் பாத்திரத்தில் சாறு கொதிக்கும்போது வரும் ஆவியை வைத்தே இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்குவது, இரண்டாவதன் ஆவியை மூன்றாவதுக்கு அனுப்புவது. ஒரே சூட்டை மூன்று நான்கு முறை பயன்படுத்தும் இந்த முறைதான் இன்றுவரை உலகத்தின் எல்லாச் சர்க்கரை ஆலைகளிலும் இருக்கிறது. இதனால் ஒரு டன் கரும்புக்கு 400 முதல் 500 கிலோ நீராவி போதும் என்றாகிவிட்டது.

300 கிலோ சக்கையை எரித்தால் 650 கிலோ அளவுக்கு நீராவி வரும். தேவை 450 கிலோதான். அதாவது ஆலைக்குத் தேவைப்படும் எரிபொருளை விடக் கூடுதலாகவே கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறது.

ஒரு நெருப்பு, இரண்டு வேலை

இங்கே கொஞ்சம் அறிவியல் தேவை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கி, பிறகு 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டுகளாக வளர்ந்த நிலையம். அங்கே நிலக்கரியை எரித்து நீராவி ஆக்கி, டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியில் இன்னும் ஏராளமான சூடு மிச்சம் இருக்கும். அதைக் கடல் தண்ணீரால் குளிர வைத்து மறுபடி தண்ணீராக்க வேண்டும். அந்தச் சூடு முழுவதும் கடலுக்குப் போகிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் 100 பங்கு எரிபொருள் சக்தியில் மின்சாரமாக மாறுவது 35 பங்குதான்.

சர்க்கரை ஆலையில் கதை வேறு. டர்பைனை விட்டு வெளியே வரும் அந்த 'வேலை முடிந்த' நீராவிதான் சாறு காய்ச்சத் தேவை. கடலுக்குப் போகிற சூடு இங்கே கொப்பரைக்குப் போகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு இணை மின் நிலையம் 100 பங்கு எரிபொருளில் 20 பங்கு மின்சாரமும் 55 பங்கு வெப்பமும் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதே இரண்டையும் தனித்தனியாகத் தயாரித்தால்? 20 பங்கு மின்சாரத்துக்கு 57 பங்கு எரிபொருள், 55 பங்கு வெப்பத்துக்குச் சாதாரண பாய்லரில் 69 பங்கு, ஆக மொத்தம் 126. சேர்த்துச் செய்தால் 100, பிரித்துச் செய்தால் 126. இந்த 26 பங்கு மிச்சம்தான் இணை மின் உற்பத்தியின் முழுப் பொருளாதாரமும். மற்றதெல்லாம் இந்த மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வது என்ற சண்டை!

இந்த யோசனை புதியதும் அல்ல. 1882-ல் எடிசன் நியூயார்க்கில் தொடங்கிய பேர்ல் தெரு மின் நிலையமே மீதி நீராவியைப் பக்கத்துக் கட்டடங்களைச் சூடாக்க விற்றது. குளிர் நாடுகளில் வீடுகளுக்கு வெப்பம் தேவை என்பதால் டென்மார்க் போன்ற நாடுகள் ஊர் முழுக்கக் குழாய் போட்டு மின் நிலையத்தின் சூட்டை வீடுகளுக்கு அனுப்புகின்றன. நம் ஊரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் இல்லை. வெப்பத்தை வாங்க ஆள் இருக்கிற இடம் இங்கே தொழிற்சாலைதான். அதிலும் எரிபொருளையும் தானே கொண்டு வருகிற தொழிற்சாலை சர்க்கரை ஆலை.

விலை இல்லாத காலம்

அப்படியானால் நம் ஆலைகள் ஆரம்பத்திலிருந்தே மின்சாரம் விற்றிருக்க வேண்டுமே? விற்கவில்லை. நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. ஆனால் அடுத்த நூறு வருடங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டு ஆலைகள் குறைந்த அழுத்தப் பாய்லர்களைத்தான் வைத்திருந்தன. சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ, 21 கிலோ அழுத்தம் என்ற அளவில். ஆலையை ஓட்டத் தேவையான மின்சாரம் மட்டும் கிடைக்கும்.

இது இஞ்சினியர்களின் அறியாமை அல்ல, கச்சிதமான பொருளாதாரம். சக்கையை வாங்க ஆள் கிடையாது. மின்சாரத்தை வாங்கவும் ஆள் கிடையாது. 1948-ம் வருட மின்சார வழங்கல் சட்டத்துக்குப் பிறகு மாநில மின்வாரியங்களே எல்லாவற்றையும் தயாரித்து எல்லாவற்றையும் விற்கும் அமைப்பு வந்துவிட்டது. இந்த நிலையில் ஒரு ஆலை பணம் போட்டு நல்ல பாய்லர் வாங்கினால் என்ன ஆகும்? சக்கை மிச்சமாகும். மிச்சமான சக்கை மலை போலக் குவியும், தீப்பிடிக்கும், அதை அப்புறப்படுத்தச் செலவு ஆகும். ஆகவே சக்கையைத் திறமையில்லாமல் எரித்து முடிப்பதே லாபம்!

விலை இல்லாத பொருள் வீணாகத்தான் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் விலை: காகிதம்

சக்கைக்கு முதலில் விலை வைத்தது மின்சாரம் அல்ல, காகிதம். சக்கையில் நார் இருக்கிறது, நாரில் கூழ் செய்யலாம். மூங்கிலும் மரமும் குறைந்துகொண்டே போன நிலையில் தமிழக அரசு 1979-ல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. கரூர் பக்கத்தில் காகிதபுரத்தில் 1980களின் நடுவில் உற்பத்தி ஆரம்பித்த இந்த ஆலையின் முக்கிய மூலப்பொருளே கரும்புச் சக்கைதான். பள்ளிபாளையத்தில் இருந்த சேஷசாயி காகித ஆலையும் சக்கைக்காகவே பொன்னி சர்க்கரை ஆலையைத் தன் பக்கத்தில் கொண்டுவந்தது.

ஆனால் சக்கையைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? இதற்குக் கண்டுபிடித்த தீர்வு மிக எளிமையானது. காகித ஆலை தன் செலவில் சர்க்கரை ஆலைக்குள் நிலக்கரி போன்ற வேறு எரிபொருளை எரிக்கும் பாய்லரை வைத்துக் கொடுக்கும், எரிபொருளையும் அனுப்பும். பதிலுக்குச் சக்கையை எடுத்துக்கொள்ளும். பண்டமாற்று!

அன்றிலிருந்து சக்கைக்கு ஒரு விலை பிறந்துவிட்டது. சக்கையை எரிக்கிற ஒவ்வொரு ஆலையும் இனிமேல் அதைச் 'சும்மா' எரிக்க முடியாது. காகித ஆலை கொடுத்திருக்கக் கூடியதை விட்டுக்கொடுத்துத்தான் எரிக்கிறது. காமர்ஸ் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று படிப்பது இதைத்தான்.

இரண்டாவது விலை: மின்சாரம்

அடுத்த மாற்றம் வெளிநாட்டில் தொடங்கியது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1978-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிற்சாலைகள் இணை உற்பத்தி முறையில் தயாரிக்கும் மின்சாரத்தை மின் கம்பெனிகள் கட்டாயம் வாங்க வேண்டும். விலை? அந்த மின்சாரத்தை மின் கம்பெனி தானே தயாரித்திருந்தால் என்ன செலவாகியிருக்குமோ, அதாவது அதற்கு எவ்வளவு மிச்சமோ, அதுதான் விலை. தமிழர்களும் வாழ்கிற கரும்புத் தீவான மொரீஷியஸ் 1991-ல் சக்கை மின்சாரத்துக்கென்றே தனித் திட்டம் வகுத்தது. அங்கே அரவைக் காலத்தில் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரித்து வருடம் முழுக்க மின்சாரம் தருகிற நிலையங்கள் வந்தன.

இந்தியாவில் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் 1994-ல் சக்கை இணை மின் உற்பத்திக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 1994-95-ஐ அடிப்படை வருடமாக வைத்து யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, பிறகு வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றம் என்று மாநிலங்களுக்கு வழிகாட்டியது. தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் இருந்த திரு ஆரூரான் ஆலை போன்றவை இந்தத் துறையில் முன்னால் இறங்கின. பிறகு நெல்லிக்குப்பம், வைகை அணை, முண்டியம்பாக்கம், சத்தியமங்கலம் என்று பரவியது. பாய்லர் அழுத்தம் 21 கிலோவிலிருந்து 45, 67, 87 என்று ஏறியது. அழுத்தம் ஏற ஏற அதே சக்கையில் கூடுதல் மின்சாரம். சாறு காய்ச்சத் தேவையான நீராவி மட்டும் மாறவே இல்லை. தமிழ்நாட்டில் சக்கை மின் நிலையங்களின் மொத்தத் திறன் பின்னாளில் 650 மெகாவாட்டைத் தாண்டியது.

2003 மின்சாரச் சட்டம் இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. இணை மின் உற்பத்தியை ஊக்குவிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2006 மே மாதம் சக்கை மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 3 ரூபாய் 15 காசு என்று விலை நிர்ணயித்தது.

ஒரு உத்தேசக் கணக்கு

இந்த விலையில் ஆலைக்கு என்ன கிடைக்கும்? தினம் 2,500 டன் அரைக்கும் ஒரு நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்ளலாம். கீழே உள்ளது எந்தக் குறிப்பிட்ட ஆலையின் கணக்கும் அல்ல, புரிந்துகொள்வதற்கான உத்தேசக் கணக்கு.

1. உயர் அழுத்தப் பாய்லர் இருந்தால் ஒரு டன் கரும்புக்கு 110 யூனிட் தயாரிக்கலாம். ஆலையின் சொந்தத் தேவை 30 போக விற்பனைக்கு 80 யூனிட்.

2. 80 யூனிட் x 3.15 = டன்னுக்கு 252 ரூபாய்.

3. ஒரு நாளுக்கு 6.3 லட்சம். வருடத்தில் 150 நாள் அரவை நடந்தால் 9.45 கோடி ரூபாய்.

அதே 2006-07 பருவத்தில் ஒரு டன் கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை 802 ரூபாய் 50 காசு. அதன் பக்கத்தில் 252 ரூபாயை வைத்துப் பார்த்தால் மிகப் பெரிய தொகையாகத் தெரியும். விவசாய சங்கங்கள் இந்தக் கணக்கைத்தான் கேட்டன. ஆனால் செலவையும் எழுத வேண்டும்.

4. 12 மெகாவாட் நிலையத்துக்கு மெகாவாட்டுக்கு 4 கோடி வீதம் 48 கோடி முதலீடு. அதில் 70 சதவீதம் கடன், 12 சதவீத வட்டி என்றால் வருட வட்டி சுமார் 4 கோடி.

5. 20 வருடத்துக்குத் தேய்மானம் போட்டால் வருடத்துக்கு 2.4 கோடி. பராமரிப்பும் சம்பளமும் 1.5 கோடி.

6. மிச்சம் சுமார் ஒன்றரைக் கோடி. ஒரு டன் கரும்புக்குப் பிரித்தால் 40 ரூபாய்.

252 ரூபாய் 40 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. கரும்பு குறைந்து அரவை 150 நாளுக்குப் பதில் 90 நாள்தான் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் 5.67 கோடி. வட்டியும் தேய்மானமும் சேர்ந்தே 6.4 கோடி. நஷ்டம்! பாய்லருக்கு மழை பெய்ததா இல்லையா என்று தெரியாது, பாங்குக்கும் தெரியாது. நிலையான செலவு அப்படியே நிற்கும்.

ஆகவே இந்தத் தொழிலின் லாபம் டர்பைனில் இல்லை. அரவை நாட்களில் இருக்கிறது. அரவை நாட்கள் கரும்புக் காட்டில் இருக்கின்றன.

வாங்குகிறவர் ஒருவரே

விற்கிறவர்கள் பல பேர், வாங்குகிறவர் ஒருவர் என்றால் பேரம் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு மின்வாரியம் 1990 முதல் எல்லா விவசாயப் பம்ப்செட்டுக்கும் இலவச மின்சாரம் கொடுத்து வருகிறது. (கரும்புக்குப் பாயும் தண்ணீரும் அந்த மின்சாரத்தில்தான் பாய்கிறது. அந்தக் கரும்பின் சக்கையே மின்சாரமாகத் திரும்பி வருகிறது!) நஷ்டத்தில் ஓடும் வாரியத்திடமிருந்து ஆலைகளுக்குப் பணம் வருவதில் மாதக்கணக்கில் தாமதம் என்பது வழக்கமான புகாராகவே ஆனது.

2008-ல் மின்வெட்டு கடுமையானது. திருவேங்கடம், சங்கரன்கோவில் மாதிரியான ஊர்களில் விசைத்தறியும் சின்னப் பட்டறையும் கரண்ட் எப்போது வரும் என்று காத்துக்கிடந்த காலம். அப்போது வெளிச்சந்தையில் யூனிட் விலை எகிறியது. ஆலைகள் மாநிலத்துக்கு வெளியே விற்றால் நல்ல விலை. ஆனால் 2009 பிப்ரவரியில் மாநில அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ம் பிரிவைப் பயன்படுத்தி, இங்கே தயாரிக்கும் மின்சாரத்தை இங்கேயே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பற்றாக்குறையில் தவிக்கும் மக்களின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம். விலை குறைவான காலத்தில் தாமதமாகப் பணம் வாங்கிக்கொண்டு, விலை ஏறும் காலத்தில் வெளியே விற்கவும் முடியாது என்றால் முதலீடு செய்தவரின் பக்கம் நின்று பார்த்தால் அது வேறு மாதிரி.

தென்காசிக்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் சுலபமாகப் புரியும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் இந்தப் பக்கத்துக் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும். மார்கழி, தை வந்தால் காற்று படுத்துவிடும். கரும்பு அரவையின் முக்கியப் பருவமோ அந்தக் குளிர் மாதங்களில் தொடங்கிக் கோடை வரை போவது. காற்று தூங்கும்போது சக்கை விழித்திருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு. ஆனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைக்கும் முறையில், 'தேவையான நேரத்தில் கிடைக்கும் மின்சாரம்' என்பதற்குத் தனி மதிப்பு கிடைக்கவில்லை.

தனியார் ஆலைகளைப் பார்த்து அரசும் இறங்கியது. 12 கூட்டுறவு, பொதுத்துறை ஆலைகளில் மொத்தம் 183 மெகாவாட்டுக்கு இணை மின் நிலையங்கள் அமைக்கத் திட்டம் போட்டார்கள். வேலைகள் பல வருடங்கள் இழுத்தன. முடிந்துவரும்போது கரும்பு குறைய ஆரம்பித்திருந்தது.

விவசாயிக்கு எவ்வளவு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வரலாம். பருத்தியைக் கடைந்தால் பஞ்சும் வரும், கொட்டையும் வரும். பருத்திக்குக் கொடுத்த விலையில் பஞ்சின் பங்கு எவ்வளவு, கொட்டையின் பங்கு எவ்வளவு? இயற்கையில் இதற்குப் பதில் கிடையாது. கணக்கு எழுதுகிறவர் ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டுப் பொருள்களின் செலவைப் பிரிப்பது என்று காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அத்தியாயமே இதற்கு உண்டு. கரும்பிலும் இதே சிக்கல்தான்.

1966-ல் வந்த கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சர்க்கரையை மட்டும் மனதில் வைத்தே கரும்பு விலையைப் பார்த்தது. 1974-ல் பார்கவா கமிஷன் பரிந்துரைப்படி 5ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஆலைக்குச் சர்க்கரையில் கிடைக்கும் கூடுதல் வருமானத்தை விவசாயியும் ஆலையும் பாதிப்பாதி பிரித்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் சக்கை அந்தக் கணக்கில் கிடையாது, அன்றைக்கு அதற்கு விலையும் இல்லை.

2009-ல் குறைந்தபட்ச விலை முறை போய், நியாயமான ஆதாய விலை என்ற முறை வந்தது. 5ஏ பிரிவு நீங்கியது. புதிய முறையில் விலை நிர்ணயிக்கும்போது கழிவுப்பாகு, சக்கை, ஆலை மண் ஆகியவற்றின் வருமானத்தையோ அவற்றின் உத்தேச மதிப்பையோ கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். சக்கை முதல் முறையாகக் கரும்பு விலைக் கணக்குக்குள் நுழைந்தது. 2012-ல் ரங்கராஜன் கமிட்டி இதை இன்னும் தெளிவாகச் சொன்னது. சர்க்கரை மற்றும் முதல் நிலை உபபொருள்களின் மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்கு, அல்லது சர்க்கரையின் ஆலை விலையில் மட்டும் கணக்கிட்டால் 75 சதவீதம். தமிழ்நாடும் 2018-ல் சட்டம் இயற்றி வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது.

'முதல் நிலை' என்ற இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். சக்கை வரை பங்கு உண்டு. சக்கையிலிருந்து வரும் மின்சாரத்தில் பங்கு கிடையாது. இதற்கும் நியாயம் உண்டு. மின் நிலையத்துக்குப் பணம் போட்டதும் கடன் வாங்கியதும் ஆலைதான். ஆனால் அப்போது எல்லாமே சக்கைக்கு என்ன விலை வைப்பது என்பதில் வந்து நிற்கிறது. ஆலை தன் சக்கையைத் தன் மின் நிலையத்துக்கே கொடுக்கும்போது அது கடைத்தெருவில் நடக்கும் வியாபாரம் அல்ல. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது.

இங்கேதான் வேடிக்கை. மின் கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையத்தின் முன்னால் சக்கை என்பது எரிபொருள் செலவு. அதன் விலை கூடினால் யூனிட் விலை கூடும். கரும்பு விலை பேசும் இடத்தில் அதே சக்கை உபபொருள் வருமானம். அதன் விலை கூடினால் விவசாயிக்குக் கொடுக்க வேண்டியது கூடும். ஒரே பொருள், இரண்டு மேஜை. ஒரு மேஜையில் விலை அதிகமாகத் தெரிவதும் மற்றதில் குறைவாகத் தெரிவதும்தான் ஆலைக்கு வசதி. யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டு மேஜையிலும் ஒரே விலையைத்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாவிட்டால் போதும்.

கரும்பு இல்லாத ஆலை

இந்தச் சண்டைக்கு நடுவில் கரும்பே காணாமல் போக ஆரம்பித்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2011-12-ல் 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தி செய்த தமிழ்நாடு, 2017-18-ல் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. ஆலைகளில் அரவை நாட்கள் குறைந்தன. மேலே பார்த்த 90 நாள் கணக்கு நிஜமாகவே நடந்தது. சில மின் நிலையங்கள் சீமைக்கருவேலத்தையும் நிலக்கரியையும் எரித்துப் பார்த்தன. ஆனால் சாறு காய்ச்ச வேண்டிய வேலை இல்லாத நாட்களில் அது இணை உற்பத்தியே அல்ல. சூட்டை வீணாக்கும் சாதாரண சின்ன அனல்மின் நிலையம்தான், 26 பங்கு மிச்சம் அங்கே கிடையாது.

அதே நேரத்தில் சூரிய மின்சாரம் மலிந்தது. 2017-ல் தமிழ்நாட்டு ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 47 காசுக்கு வந்துவிட்டது. எரிபொருள் இல்லாத மின்சாரமே இந்த விலைக்குக் கிடைத்தால் வாரியம் சக்கை மின்சாரத்துக்கு ஏன் அதிகம் கொடுக்கும்?

தென்காசி மாவட்டத்தில் இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. வாசுதேவநல்லூரில் இருந்த தரணி சர்க்கரை ஆலைக்குச் சுற்றுவட்டாரக் கரும்பு விவசாயிகள் கரும்பு வெட்டி அனுப்பினார்கள். 2010களின் இறுதியில் நிலுவைப் பணத்துக்காக அவர்கள் வருடக்கணக்கில் மனு கொடுப்பதும் போராடுவதுமாக இருக்க வேண்டி வந்தது. 2021-ல் அந்தக் கம்பெனி மீது திவால் சட்ட நடவடிக்கை தொடங்கியது. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி என்று 1966 ஆணையே சொல்கிறது. சட்டத்தில் 14 நாள், நடப்பில் வருடங்கள்.

பணம் வராத விவசாயி என்ன செய்வார்? அடுத்த வருடம் கரும்பு போட மாட்டார். நெல்லோ, மக்காச்சோளமோ, எலுமிச்சையோ போடுவார். கரும்பு போடாவிட்டால் அரவை நாட்கள் குறையும். அரவை நாட்கள் குறைந்தால் மின் நிலையத்தின் வட்டி கழுத்தை நெரிக்கும். வட்டி நெரித்தால் கரும்புப் பணம் இன்னும் தாமதமாகும். நீராவி மாதிரியே இதுவும் சுற்றிச் சுற்றி வருகிற சுழற்சிதான்.

முடிவாக

வெப்பமும் மின்சாரமும் சேர்ந்து தயாராகும்போது எரிபொருள் மிச்சமாகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அது இயற்பியல். அந்த மிச்சத்தைப் பிரிப்பது இயற்பியல் அல்ல, அது விலை. மின்வாரியம் ஒரு விலை வைக்கிறது, காகித ஆலை ஒரு விலை வைக்கிறது, கரும்பு விலை பேசுகிறவர்கள் ஒரு உத்தேச விலை வைக்கிறார்கள். இப்போது எத்தனாலும் வந்துவிட்டதால் அடுத்த பேச்சு கரும்புச் சாறிலிருந்தும் கழிவுப்பாகிலிருந்தும் வரும் வருமானத்தைப் பற்றியதாக இருக்கும். பொருள் மாறும், கேள்வி மாறாது.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த கரும்பு விலை, 10.25 சதவீத சர்க்கரைச் சத்துக்கு, குவிண்டாலுக்கு 355 ரூபாய். தமிழ்நாட்டுக் கரும்பில் பெரும்பாலும் அந்தச் சத்து வருவதில்லை, ஆகவே மத்திய அரசின் கணக்குப்படி இங்கே கிடைக்கும் விலை அதைவிடக் குறைவு. இந்த இடைவெளியை நிரப்பச் சக்கைக்கு வலிமை உண்டு, ஒரு டன்னுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் என்றாலும் சிறு விவசாயிக்கு அது உரச் செலவில் ஒரு பகுதி. அதற்கு வேண்டியது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. சக்கைக்கு எல்லா மேஜையிலும் ஒரே விலை, அந்த விலை வெளிப்படையாகத் தெரிய வேண்டும், பணம் நேரத்துக்கு வர வேண்டும்.

சக்கையை இலவச எரிபொருள் என்று சொல்வது வழக்கம். வாசுதேவநல்லூர் பக்கத்து அனுபவத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை சரியில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கரும்புக்காரருக்குக் கொடுக்காத வருடம், அடுத்த வருடம் பாய்லரில் போட எதுவும் வராது.